உள்ளங்காலில் மெலனோமா: ஜீன் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்றால் நோய் எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்வி:

"டாக்டர், என் அப்பாவுக்கு 64 வயது. திருவாரூர் பக்கம் விவசாயம். இடது குதிகாலில் ஒன்றரை வருடமாகக் கருப்பாக ஒரு திட்டு இருந்தது. ஆணி என்று நினைத்து மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார். பெரிதாகிக்கொண்டே போனதும் பயாப்சி எடுத்தார்கள், மெலனோமா என்று வந்தது, தோலின் நிறமிச் செல்லில் வரும் புற்றுநோயாம். அந்தச் சின்னத் திட்டுக்காகக் குதிகாலில் பெரிய இடத்தையே வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். நெறிக்கட்டியில் நோய் இல்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், செக்கப்புக்கு மட்டும் வாருங்கள் என்கிறார்கள். பிராஃப் (BRAF) என்ற ஜீனைப் பார்க்கும் டெஸ்ட் நெகட்டிவ். ஜீனில் தப்பில்லை என்றால் வெயிலே படாத உள்ளங்காலில் புற்றுநோய் எப்படி வந்தது என்று கேட்டேன். 'எல்லாமே எழுத்துப்பிழை இல்லையம்மா, எம்ஆர்என்ஏ அளவிலும் கட்டுப்பாடு கெடும்' என்றார் அப்பாவைப் பார்க்கும் டாக்டர். எம்ஆர்என்ஏ என்று கேட்டதிலிருந்து என் தம்பி, கொரோனா ஊசிதான் காரணம் என்று தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறான். இன்னொரு பக்கம், மெலனோமாவுக்கே எம்ஆர்என்ஏ ஊசி வந்துவிட்டதாகச் செய்தி படித்தேன். எதை நம்புவது? எனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. பயாப்சியை ஸ்லைடில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற பேத்தாலஜி மருத்துவர் நான். அப்பாவை நேரில் பரிசோதித்தவர் உங்கள் டாக்டர். சிகிச்சை முடிவுகள் அவருடையவை. அவர் அவசரத்தில் ஒரு வரியில் சொல்லிப் போனதை விரித்துச் சொல்வதுதான் இங்கே என் வேலை. அந்த ஒரு வரி சரியான வரி.

முதலில் தம்பியின் வீடியோவை முடித்துவிடுவோம். வீட்டில் அதுதான் நிம்மதியைக் கெடுக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அப்பாவின் கோவின் சான்றிதழை எடுத்து ஊசியின் பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஊசி போட்டுக்கொண்ட பெரும்பாலானோரைப் போல அவருக்கும் கோவிஷீல்டு அல்லது கோவாக்சின்தான் இருக்கும். கோவிஷீல்டு, பெருகும் திறனை நீக்கிய சிம்பன்சி அடினோவைரஸ் வழியாகக் கொரோனாவின் ஒரு ஜீனைக் கொண்டுபோகும் ஊசி. கோவாக்சின், செயலிழக்கச் செய்த முழு வைரஸ். இரண்டு மருந்துக் குப்பியிலும் எம்ஆர்என்ஏ கிடையாது. இந்தியாவில் ஒரு எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2022-ல் அவசரகால அனுமதி கிடைத்தது உண்மை, ஆனால் நம் ஊர் முகாம்களில் போட்டது அது இல்லை. எம்ஆர்என்ஏ ஊசியைக் கோடிக்கணக்கில் போட்டுக்கொண்ட வெளிநாடுகளிலும் அதனால் மெலனோமா வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசியில் போகும் எம்ஆர்என்ஏ, ஜீன்கள் இருக்கும் உட்கருவுக்குள் நுழைவதில்லை. உடம்பு அதைச் சில நாட்களில் சிதைத்துவிடும்.

உங்கள் டாக்டர் சொன்ன எம்ஆர்என்ஏ வெளியிலிருந்து வந்ததே இல்லை. அப்பாவின் செல்களே தயாரிப்பது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் லட்சக்கணக்கில் இருக்கிறது. அது இல்லாமல் ஒரு புரதம்கூட உருவாகாது.

நிலத்தின் மூலப்பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, வெளி வேலைக்கெல்லாம் ஜெராக்ஸை எடுத்துப் போகிறோம் இல்லையா, அப்படித்தான். ஜீன்கள் எழுத்து எழுத்தாக எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏ, உட்கருவை விட்டு வெளியே வராது. அதிலிருந்து வேண்டிய ஜீனுக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கப்பட்டு வெளியே வரும். அந்த நகல்தான் எம்ஆர்என்ஏ. ரைபோசோம் என்ற அமைப்பு அதைப் படித்துப் புரதத்தைச் செய்யும். தோலின் நிறமிச் செல்லிலும் மூளையின் நரம்புச் செல்லிலும் இருப்பது அதே டிஎன்ஏ. எந்த ஜீனிலிருந்து எத்தனை நகல் எடுக்கப்படுகிறது, எடுத்த நகலில் எந்தத் துண்டு நீக்கப்படுகிறது, எவ்வளவு நேரத்தில் அது அழிக்கப்படுகிறது, அழியும் முன் எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பதில்தான் ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்து வேறுபடுகிறது. புற்றுநோய் இந்த இடங்களில் எதில் வேண்டுமானாலும் கை வைக்கலாம். மூல எழுத்தில் பிழை வருவது ஒரு வழி. எழுத்து சரியாக இருந்தும் நகல் அளவுக்கு மீறிப் பெருகுவது இன்னொரு வழி. 'பிராஃப் நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட், முதல் வழியில் ஒரே ஒரு ஜீனின் ஒரு சிறு இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே பிழை இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

அந்த பிராஃப் பிழை இருந்திருந்தால் மட்டும் புற்றுநோய் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியின் மையமே இதுதான்.

பிராஃப் ஜீனில் வரும் அந்தப் பிழையை 2002-ல் கண்டுபிடித்தார்கள். புரதத்தின் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டமிக் அமிலம் வந்துவிடும். உடனே அந்தப் புரதம் 'பிரி, பிரி' என்ற செய்தியை நிறுத்தாமல் அனுப்பும். வெயில் படும் தோலில் வரும் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் இந்த வகைப் பிழை உண்டு. இதுதான் நோயின் வேர் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அடுத்த வருடமே சாதாரண மச்சங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். சோதித்த மச்சங்களில் பத்துக்கு எட்டில் அதே பிழை இருந்தது. முகத்திலும் கையிலும் நாற்பது ஐம்பது வருடம் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும் மச்சங்கள் அவை. பிழை வந்த நிறமிச் செல் கொஞ்ச காலம் பெருகிச் சின்ன மச்சமாகிறது, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது. பெரும்பாலான மச்சங்கள் ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடும்.

நிறுத்துவது எது? இதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று நேராக எம்ஆர்என்ஏ கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. நம் செல்களில் மைக்ரோஆர்என்ஏ என்று மிகச் சிறிய துண்டுகள் உண்டு, சுமார் 22 எழுத்து நீளம்தான். இவை புரதம் எதையும் செய்யாது. தனக்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, அதைப் படிக்கவிடாமல் தடுக்கும் அல்லது அழிய வைக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் 1993-ல் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மெலனோமாவுக்கு வருகிறேன். மெலஸ்டாட்டின் என்றொரு ஜீன் நிறமிச் செல்களில் இயங்குகிறது. கட்டியில் இதன் எம்ஆர்என்ஏ குறைந்திருந்தால் நோய் பரவும் ஆபத்து அதிகம் என்று 1990-களின் கடைசியிலேயே கவனித்தார்கள். அந்த ஜீன் செய்யும் புரதம்தான் நோயைத் தடுக்கிறது என்பது அப்போதைய ஊகம். 2010-ல் வந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. எம்ஆர்என்ஏ தயாராகும்போது நடுநடுவே சில துண்டுகள் வெட்டி நீக்கப்படும். மெலஸ்டாட்டின் நகலில் அப்படி நீக்கப்படும் ஒரு துண்டுக்குள்ளிருந்து மைக்ரோஆர்என்ஏ-211 என்ற சிறு ஆர்என்ஏ உருவாகிறது. கட்டியை அடக்கி வைத்திருந்தது அதுதான், புரதம் இல்லை. ஜீனை நகலெடுப்பது குறைந்தால் அந்தத் துண்டும் குறைகிறது, அடக்குவதற்கு ஆள் இல்லாமல் போகிறது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2021-ல் இதை மச்சத்தோடு இணைத்தது. பிராஃப் பிழை உள்ள மச்சச் செல்களில் மைக்ரோஆர்என்ஏ-211, மைக்ரோஆர்என்ஏ-328 என்ற இரண்டும் கூடுதலாக இருந்தன. அரோரா கைனேஸ் பி என்ற புரதம் இல்லாமல் ஒரு செல் இரண்டாகப் பிரிந்து முடிக்க முடியாது. இந்த இரண்டு மைக்ரோஆர்என்ஏக்களும் அதன் எம்ஆர்என்ஏவை அடக்குகின்றன. செல் பிரியத் தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. மெலனோமாவில் இவற்றின் அளவு குறைவாக இருக்கிறது. இன்னொன்றையும் அவர்கள் காட்டினார்கள். இந்த நிறுத்தம் நிரந்தரம் இல்லை, சூழல் மாறினால் அதே செல் மறுபடி பிரியத் தொடங்க முடியும். புதுப் பிழை எதுவும் சேராமலேயே, எம்ஆர்என்ஏவின் மீதிருந்த பிடி தளர்ந்தால் கதை மாறலாம் என்று அர்த்தம். உங்கள் டாக்டர் 'கட்டுப்பாடு கெடும்' என்று சொன்னது இந்த மாதிரி விஷயத்தைத்தான்.

வெயிலும் இதே வழியில் வேலை செய்வது உண்டு. டெலோமரேஸ் என்ற நொதி குரோமோசோம்களின் நுனி தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. தோலின் நிறமிச் செல்லில் அதன் ஜீன் சாதாரணமாக அடங்கியே இருக்கும். 2013-ல் இரண்டு குழுக்கள் மெலனோமாவில் இந்த ஜீனைப் படித்தபோது, புரதத்துக்கான எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்கு முன்னால், நகலெடுக்கத் தொடங்கும் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. புறஊதாக் கதிர் செய்யும் மாற்றம் அது. அந்த ஒரு எழுத்தால் நகலெடுப்பைத் தூண்டும் புரதம் உட்காரப் புதிதாக ஓர் இடம் கிடைத்து, எம்ஆர்என்ஏ கூடுகிறது. நொதியில் எந்தக் குறையும் இல்லை, அளவுதான் மிஞ்சிப்போகிறது. செல் தேய்ந்து ஓய்ந்துவிடாமல் பிரிந்துகொண்டே போகிறது. அந்த ஆய்வுகளில் ஒன்றில் பத்துக்கு ஏழு மெலனோமாவில் இந்த வகை மாற்றம் இருந்தது.

சரி, உள்ளங்காலில் வெயிலே படாதே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மெலனோமா என்றாலே ஆஸ்திரேலியா, வெள்ளைத் தோல், கடற்கரை வெயில் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நம்மைப் போன்ற கருமைத் தோல்காரர்களுக்கு மெலனோமா மொத்தத்தில் அரிது, ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் இறந்தார். உள்ளங்காலில்கூடக் குதிகால் போன்ற, உடம்பின் எடை அழுத்தும் இடங்களில் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த வகைக் கட்டிகளின் டிஎன்ஏவை முழுதாகப் படித்துப் பார்த்தால், வெயில் மெலனோமாவில் இருப்பது போல ஆயிரக்கணக்கான எழுத்துப்பிழைகள் இருப்பதில்லை. பிழைகள் மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் குரோமோசோம்கள் உடைந்து, மாறி ஒட்டி, சில ஜீன்கள் இரண்டு பிரதிக்குப் பதில் பத்து, இருபது பிரதிகளாகப் பெருகிக் கிடக்கின்றன. அப்படி அடிக்கடி பெருகும் ஒன்று சைக்ளின் டி1 என்ற ஜீன். செல் பிரியலாமா வேண்டாமா என்ற முடிவில் பங்கெடுக்கும் புரதம் அதிலிருந்து வருகிறது. சாதாரண செல்லில் இதன் எம்ஆர்என்ஏ நீண்ட நேரம் தங்காது, வேலை முடிந்ததும் சீக்கிரம் சிதைக்கப்படும். அத்தனை கவனமாக அளக்கப்படும் ஒன்று. மூலமே பத்து இருபதாகப் பெருகிவிட்டால் எத்தனை வேகமாகச் சிதைத்தாலும் நகல் குறைவதில்லை. மேலே சொன்ன டெலோமரேஸ் ஜீனும் உள்ளங்கால் மெலனோமாவில் இப்படிப் பிரதி பெருகிக் காணப்படுவது உண்டு. வெயில் ஒரு எழுத்தை மாற்றிச் செய்ததை, இங்கே பிரதிகளின் எண்ணிக்கை செய்கிறது. விளைவு ஒன்றுதான், எம்ஆர்என்ஏ அளவு மீறிப்போகிறது. பிராஃப் டெஸ்ட்டில் இது எதுவும் தெரியாது.

எங்கள் லேபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபிஷ் என்ற சோதனையில் ஜீன் இருக்கும் இடத்தில் ஒளிரும் சாயம் ஒட்டும். நல்ல செல்லின் உட்கருவில் இரண்டு புள்ளிகள் தெரியும். சைக்ளின் டி1 பெருகிய செல்லில் எண்ண முடியாதபடி ஒரே கொத்தாக மின்னும். உள்ளங்கால் மெலனோமாவின் ஓரத்தில், கருப்பே இல்லாத, வெறும் கண்ணுக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கும் நல்ல தோலாகத் தெரியும் இடத்திலும் ஒன்றிரண்டு செல்களில் இந்தக் கொத்து தெரிவதை 2000-லிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். சின்னத் திட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய வெட்டு என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். உங்கள் சர்ஜன் திட்டைச் சுற்றிலும் சேர்த்து எடுத்த 2 சென்டிமீட்டர் ஓரம் (மார்ஜின்), இத்தனை ஆழமுள்ள மெலனோமாவுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு. கண்ணுக்குத் தெரியும் கருப்போடு நோயின் எல்லை முடிவதில்லை என்பதற்கு இந்தச் செல்களைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். தோல் ஒட்டிய இடம் ஆறிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குதிகாலில் அது மெதுவாகத்தான் ஆறும், பொறுமையாக இருங்கள்.

ஆணி என்று நினைத்ததற்காக அப்பாவையும் உங்களையும் கடிந்துகொள்ள வேண்டாம். இது மருத்துவர்களையே ஏமாற்றும் இடம். தோல் மருத்துவர்களிடம் டெர்மோஸ்கோப் என்ற சிறிய பூதக்கண்ணாடிக் கருவி இருக்கும். உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன. சாதாரண மச்சத்தின் கருப்பு பெரும்பாலும் பள்ளத்தில் தங்கும். மெலனோமாவின் கருப்பு மேட்டின் மீது பட்டையாக ஓடும். ஜப்பானிய மருத்துவர்கள் இதை மிக அழகாக வகுத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் நாட்டிலும் மெலனோமாவில் இந்த வகைதான் அதிகம். ஏன் மேட்டில் என்றால், வியர்வைச் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. அந்தச் சுரப்பிகளின் அடியாழத்தில் நிறமிச் செல்களின் தாய்ச்செல்கள் குடியிருப்பதையும், ஆரம்ப நிலை மெலனோமாவில் அந்த ஆழம் வரை சைக்ளின் டி1 பெருகிய செல்கள் இறங்கியிருப்பதையும் 2014-ல் காட்டியவர்களும் ஜப்பானியர்களே.

பிராஃப் நெகட்டிவ் என்பதால் அப்பாவுக்கு மருந்தே இல்லாமல் போய்விட்டதோ என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. பிராஃப் பிழை உள்ளவர்களுக்கு அந்தப் புரதத்தை அடக்கும் மாத்திரைகள் உண்டு, 2011-லிருந்து பயன்பாட்டில் இருக்கின்றன. கட்டி ஆச்சரியப்படும் வேகத்தில் சுருங்கும், ஆனால் பலருக்குத் திரும்பி வரும். திரும்பி வருவதிலும் எம்ஆர்என்ஏவுக்குப் பங்கு உண்டு. மாத்திரை வேலை செய்யாமல் போன 19 நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்ததில் 6 பேரின் கட்டிகளில் பிராஃப் எம்ஆர்என்ஏவே வேறு மாதிரி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒரு பெரிய பகுதி விடுபட்டு, குட்டையான புரதம் உருவாகி, அவை இரண்டிரண்டாக இணைந்து மாத்திரைக்கு அடங்காமல் இயங்கின. அதனால் அந்த மாத்திரை கிடைக்காததைப் பெரிய இழப்பாக நினைக்காதீர்கள். உள்ளங்கால் மெலனோமாவில் பெரும்பாலானவர்களுக்கு பிராஃப் நெகட்டிவாகத்தான் வரும். அதைவிட முக்கியம், அப்பாவுக்கு இப்போது எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை. ஆழம் 2.8 மில்லிமீட்டர், மேலே புண் இல்லை, நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் தொடை இடுக்கு நெறிக்கட்டியை எடுத்துப் பார்த்ததில் நோய் இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள 'இரண்டு ஏ' நிலை என்பது இதுதான். இந்த நிலையில் அறுவை சிகிச்சையோடு நிறுத்திக் கண்காணிப்பதே முறை. 'மருந்து வேண்டாம்' என்று கைவிட்டுவிட்டார்கள் என நினைக்காதீர்கள், வேண்டாத மருந்தைத் தவிர்த்திருக்கிறார்கள்.

மெலனோமாவுக்கான எம்ஆர்என்ஏ ஊசி பற்றிய செய்தி பொய் இல்லை. ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் தனியாகப் படித்து, அந்தக் கட்டிக்கே உரிய மாறிய புரதத் துண்டுகள் 34 வரை தேர்ந்தெடுத்து, அவற்றை ஒரே எம்ஆர்என்ஏவில் எழுதி ஊசியாகத் தருகிறார்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு, அதே அடையாளம் உள்ள கட்டிச் செல்களைத் தேட வேண்டும் என்பது எண்ணம். அறுவை சிகிச்சை முடிந்த, நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ள 157 பேரிடம் நடந்த சோதனையில், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அல்லது இறப்பது 44 சதவீதம் குறைந்தது. நான் உண்மையிலேயே ஆவலோடு கவனித்துவரும் மருத்துவம் இது. ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். பெரிய அளவிலான சோதனையில் 'இரண்டு பி' நிலையிலிருந்துதான் சேர்த்தார்கள், அப்பாவின் நிலை அதற்குக் கீழே. அடுத்து, இந்த ஊசி கட்டியின் எழுத்துப்பிழைகளை நம்பியே வேலை செய்வது. பிழை குறைவான உள்ளங்கால் வகையில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் அடையாளங்களும் குறைவு. யாராவது 'புற்றுநோய் எம்ஆர்என்ஏ ஊசி இருக்கிறது, இத்தனை லட்சம்' என்று கூப்பிட்டால் பணம் கட்டாதீர்கள்.

எம்ஆர்என்ஏவை அளந்து சொல்லும் டெஸ்ட்டுகளும் வந்திருக்கின்றன. சந்தேகமான மச்சத்தின் மீது ஒட்டுத்தாள் ஒட்டி எடுத்து, அதில் வரும் செல்களில் இரண்டு ஜீன்களின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. அது உள்ளங்கால் தோலுக்குச் சரிப்படாது. வெட்டி எடுத்த கட்டியில் 31 ஜீன்களின் எம்ஆர்என்ஏ அளவை வைத்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிப்பது இன்னொன்று. நெறிக்கட்டியைச் சோதித்து ஏற்கெனவே தெரிந்துகொண்ட நிலையில், அதற்காக வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதால் அப்பாவின் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. அதேபோல 'ஜீன் எக்ஸ்பிரஷனை', அதாவது ஜீன் இயங்கும் அளவை, 'சரிசெய்யும்' என்று விற்கும் பொடியும் மாத்திரையும் வேண்டாம். ஆய்வகத் தட்டில் வளரும் செல்லில் ஒரு பொருள் ஒரு எம்ஆர்என்ஏவைக் குறைத்தது என்பதற்கும், அதைச் சாப்பிட்டால் மனித உடம்பில் மெலனோமா தடுக்கப்படும் என்பதற்கும் நடுவில் மிகப் பெரிய தூரம் இருக்கிறது.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஜீன் டெஸ்ட் தேவையில்லை. மேலே எழுதியதெல்லாம் அப்பாவின் குதிகாலில், அந்தச் செல்களுக்குள், அவர் ஆயுளில் நடந்த மாற்றங்கள். விந்தணு வழியாக உங்களுக்கு வந்தவை இல்லை. மெலனோமா பரம்பரையாக வரும் குடும்பங்கள் உண்டு. அங்கே நெருங்கிய உறவில் பலருக்கு வந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டெஸ்ட்டுக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்தி, மாதம் ஒருமுறை எண்ணெய்க் குளியலின்போது எல்லோருடைய உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்களைப் பாருங்கள். உள்ளங்காலில் புதிதாக வந்து 7 மில்லிமீட்டரைத் தாண்டிய கருந்திட்டு, ஒரே நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, வெட்டிச் சுரண்டினாலும் அடியில் கருப்பாகவே இருக்கும் 'ஆணி' ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தோல் ஒட்டிய இடத்திலிருந்து முழங்கால் வழியாகத் தொடை இடுக்கு வரை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம். வலி இருக்காது, அதனால் அவர் தானாகச் சொல்லமாட்டார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பேத்தாலஜி பிரிவில் அப்பாவின் பிளாக் எண்ணைக் கேட்டுக் குறித்து வாருங்கள். வெட்டி எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டிதான் பிளாக். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், அதன் பிறகு உங்களிடம் தருவார்களா என்றும் கேளுங்கள். என்றாவது நோய் திரும்பினால் கிட் என்ற ஜீனில் பிழை உண்டா என்று பார்ப்பார்கள். உள்ளங்கால் வகையில் சிலருக்கு அது இருக்கும், இருந்தால் இமாட்டினிப் மாத்திரை பலன் தர வாய்ப்பு உண்டு. டிஎன்ஏ சோதனைக்கு அந்த மெழுகுக் கட்டி பல வருடம் கழித்தும் உதவும். எம்ஆர்என்ஏ அப்படி இல்லை, திசு கெடாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டதிலிருந்தே துண்டு துண்டாகிக்கொண்டே வரும். ஆகவே பின்னால் வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாமல், ஸ்லைடையும் பிளாக்கையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போங்கள்.